பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, வலது இயர்பட்டில் மட்டும் சார்ஜ் நிற்கவில்லை. எப்படிப் பார்ப்பது?

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 7.10

வணக்கம். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மின்பொருள்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான். எட்டு மாதங்களுக்கு முன் மகன் வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கிக் கொடுத்தான். பாளையங்கோட்டையில் தினமும் காலை ஒரு மணி நேரம் நடக்கிறேன். அப்போது பழைய பாடல்கள் கேட்பேன். இரண்டு வாரமாக வலப்பக்கத்து இயர்பட் இருபது நிமிடத்தில் பேட்டரி குறைந்துவிட்டது என்று ஒரு பெண் குரலில் முறையிட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. சில நாள் அதுவும் இல்லை, எடுக்கும்போதே ஊமை. இடப்பக்கம் எப்போதும்போல் பாடுகிறது.

பெட்டியை இரவு முழுவதும் சார்ஜரில் மாட்டித்தான் வைக்கிறேன். விடிந்து பார்த்தால் முன்பக்க விளக்கு பச்சையாக எரிகிறது. பச்சை என்றால் நிறைந்துவிட்டது என்று கூட வந்த தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் வலது இயர்பட்டுக்கு என்ன கேடு? அதில் சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்பதை என்னைப் போன்றவன் எப்படித் தெரிந்துகொள்வது?

வேகவிரல் | ஞாயிறு, காலை 7.18

பச்சை எரிந்தால் சார்ஜ் ஏறிவிட்டது என்றுதான் பொருள். வலப்பக்கத்து பேட்டரி செத்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்கே நல்லது கிடைக்கிறது, புதிது வாங்கிவிடுங்கள்.

ரிச்சித்தெரு ராசு | ஞாயிறு, காலை 8.02

வேகவிரல் தம்பி, நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்காமல் இறப்புச் சான்றிதழ் எழுதிவிட்டீர்கள்.

ஐயா, சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இதே கேள்வியோடு வாரம் தவறாமல் யாராவது வருகிறார்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது ஒரு பேட்டரி அல்ல, மூன்று. பெட்டிக்குள் ஒன்று, இயர்பட் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்று. சுவரிலிருந்து வரும் மின்சாரம் பெட்டியின் பேட்டரியை நிரப்புகிறது. அங்கிருந்துதான் இயர்பட்டுக்குப் போகிறது. குடம் நிறைந்திருக்கிறது என்பதால் பக்கத்தில் இருக்கும் செம்பும் நிறைந்திருக்கும் என்று சொல்ல முடியுமா? யாராவது மொண்டு ஊற்றியிருக்க வேண்டும். ஒரே விளக்கு உள்ள பெட்டிகள் பலவற்றில் சார்ஜரில் மாட்டியிருக்கும்போது அந்த விளக்கு குடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். செம்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

குடம், செம்பு என்பதும் சும்மா சொல்லவில்லை. பேட்டரியின் கொள்ளளவை மில்லி ஆம்பியர் மணி என்று அளப்பார்கள். சாதாரணமாகப் பெட்டிக்குள் 300 முதல் 600 வரை இருக்கும். இயர்பட்டில் 30 முதல் 60 வரைதான்.

மொண்டு ஊற்றும் வேலையைச் செய்வது, பெட்டியில் இயர்பட் உட்காரும் குழியின் அடியில் இருக்கும் பொன்முலாம் பூசிய சிறிய பின்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கும், விரலால் மெல்ல அழுத்தினால் இறங்கி எழும். இயர்பட்டின் வயிற்றுப் பக்கத்தில் அதற்கு நேராகப் பொட்டுப் பொட்டாக உலோகம் தெரியும். இரண்டும் தொட்டால் சார்ஜ். மயிரிழை விலகினால் இல்லை.

இப்போது சோதனை. எந்தக் கருவியும் வேண்டாம். இடதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வலதை மட்டும் எடுத்துத் தொலைபேசியுடன் இணையுங்கள். பாட்டு ஓடட்டும். பிறகு வலதை அதன் குழியில் வைத்து மூடியை மூடிவிட்டுத் தொலைபேசியின் புளூடூத் பக்கத்தைப் பாருங்கள். சில விநாடிகளில் இணைப்பு அறுந்துவிட வேண்டும். பின்கள் வழியாக மின்சாரம் வந்ததும் "நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று இயர்பட் புரிந்துகொண்டு தன்னை அணைத்துக்கொள்ளும், அதனால்தான். மூடிய பெட்டிக்குள்ளிருந்தும் இணைப்பு நீடித்தால், பாட்டு கொசு ரீங்காரம்போல் உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால், பின் தொடவில்லை. பேட்டரியின் மேல் பழி போட வேண்டாம்.

பொருநைக்கரை | ஞாயிறு, காலை 8.40

குடமும் செம்பும் நன்றாக விளங்கின, தம்பி. இப்போது வீட்டில் விருந்தினர் இருக்கிறார்கள். மாலையில் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

கோவை மாலதி | ஞாயிறு, காலை 10.25

ராசு அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் விளக்கின் மொழி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்னிடம் ஆப்பிள் ஏர்பாட்ஸ் இருக்கிறது. அதிலும் ஒரே விளக்குதான், ஆனால் இடத்துக்குத் தக்கபடி பேசும். இயர்பட்ஸ் உள்ளே இருக்க மூடியைத் திறந்தால் அவற்றின் நிலையைக் காட்டும். அவற்றை எடுத்துவிட்டால் பெட்டியின் நிலையைக் காட்டும். பச்சை என்றால் நிறைவு, அம்பர் நிறம், அதாவது ஆரஞ்சு கலந்த மஞ்சள், என்றால் ஒரு முழு சார்ஜுக்கும் குறைவாகவே மிச்சம். மூடியைத் திறந்து ஐபோன் அருகே சில விநாடி வைத்தால் அளவு திரையிலேயே வந்துவிடும்.

என் தம்பியிடம் இருப்பது 2019இல் வந்த சாம்சங் கேலக்சி பட்ஸ். அதில் விளக்கே இரண்டு: உள்ளே இருப்பது இயர்பட்டுக்கு, வெளியே இருப்பது பெட்டிக்கு. சிவப்பு என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு கேள்விக்கு இரண்டு விடை. மற்றவர்கள் ஏன் ஒரே விளக்கை வைத்துக்கொண்டு கண்ணாமூச்சி ஆடுகிறார்களோ தெரியவில்லை.

ஐயா, உங்கள் இயர்பட்டின் மேலேயே சிறு விளக்கு இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் குழியில் வைத்ததும் அது சிவப்பாக ஒருமுறை எரியும், அல்லது நிறையும்வரை எரிந்துகொண்டே இருக்கும். இடதில் எரிந்து வலதில் எரியாவிட்டால் பாதி விடை கிடைத்துவிட்டது.

நள்ளிரவுப் பணி | ஞாயிறு, முற்பகல் 11.50

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு சிக்கல். வீட்டுச் சார்ஜரில் பெட்டி ஒழுங்காக ஏறுகிறது. ரயிலில் போகும்போது பவர் பேங்கில் மாட்டினால் அரை நிமிடம் எரிந்துவிட்டு இரண்டும் அணைந்துவிடுகின்றன. பெட்டி கெட்டுவிட்டதா, பவர் பேங்க் கெட்டுவிட்டதா?

மின்பொறி | ஞாயிறு, நண்பகல் 12.30

இரண்டும் கெடவில்லை. பவர் பேங்க் தன்னிடமிருந்து ஓரளவு மின்னோட்டம் போகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். தொலைபேசி ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இயர்பட் பெட்டி அதில் சிறு பங்குதான் இழுக்கும், நிறையும் கட்டத்தில் அதுவும் குறைந்துகொண்டே போகும். "யாரும் மாட்டியிருக்கவில்லைபோல" என்று எண்ணி பவர் பேங்க் கடையைச் சாத்திவிடுகிறது. சில பவர் பேங்குகளில் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட முறைக்கு மாறும். சிலவற்றில் நீண்ட நேரம் அழுத்த வேண்டும். உங்களுடையதன் கையேட்டைப் பாருங்கள்.

தலைப்புக்கு வருகிறேன். தொலைபேசியில் தெரியும் விழுக்காட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல மலிவான இயர்பட்டுகள் தம் பேட்டரி அளவை ஆப்பிள் வகுத்த பழைய கட்டளை ஒன்றின் வழியாகச் சொல்கின்றன. அதில் 0 முதல் 9 வரை பத்துப் படிகள்தாம் உண்டு. 70, 80, 90 என்று தாவித் தாவிக் காட்டுவதன் காரணம் இதுதான். 73 என்று அதற்குச் சொல்லவே தெரியாது. ஆகவே ஐந்து நிமிடம் பெட்டியில் வைத்துவிட்டு எண் மாறவில்லையே என்று பதற வேண்டாம். அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கொஞ்சம் செலவாகும். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் மாட்டும் யூஎஸ்பி மீட்டர். வோல்ட் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு என்று திரையில் காட்டும். இயர்பட்ஸை வெளியே எடுத்துவிட்டு வெறும் பெட்டியை மாட்டுங்கள். நிறைந்ததும் ஆம்பியர் சுழிக்கு அருகே இறங்கிவிடும். இப்போது பாடிப் பாடி ஓய்ந்துபோன இயர்பட் ஒன்றை உள்ளே வையுங்கள். எண் கொஞ்சம் ஏறினால் அது குடிக்கிறது என்று பொருள். எடுத்துவிட்டு மற்றதை வையுங்கள். ஒன்றுக்கு ஏறி மற்றதற்கு அசையாவிட்டால் வழக்கு முடிந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: சில பெட்டிகள் தம் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, அது ஓரளவு குறைந்த பிறகே சுவரிடம் கேட்கும். அவற்றில் உடனே எண் அசையாது. அதனால்தான் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

செங்கல்பட்டான் | ஞாயிறு, பிற்பகல் 1.15

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பின்னில் அழுக்கு இருக்கும். ஊக்கு எடுத்துச் சுரண்டுங்கள், இல்லையென்றால் உப்புத்தாளால் ஒரு தேய் தேயுங்கள். என் இயர்பட் அப்படித்தான் சரியானது.

ரிச்சித்தெரு ராசு | ஞாயிறு, பிற்பகல் 1.22

ஐயா, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செங்கல்பட்டு நண்பரே, உங்களுடையது சரியானது உண்மையாக இருக்கலாம். எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. அந்தப் பின்களின் மேல் இருப்பது மிக மெல்லிய முலாம். உப்புத்தாள் பட்டால் முலாம் போய் அடி உலோகம் வெளியே வரும். அப்புறம் வியர்வை பட்டுப் பட்டுப் பச்சைக் களிம்பு பிடிக்கும். போதாததற்கு ஊக்கின் முனை இரண்டு பின்களையும் ஒரே நேரத்தில் தொட்டால் குறுக்கு மின்சாரம் பாயும். உப்புத்தாள் போட்ட இயர்பட் என் கடைக்கு வந்தால் பாதி நேரம் கையை விரித்துத்தான் அனுப்புகிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. குச்சி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. பெட்டியின் கேபிளைக் கழற்றிவிட்டு பின்னையும் இயர்பட்டின் பொட்டையும் மெல்லத் துடையுங்கள். காய விடுங்கள். காது அழுக்கும் வியர்வை உப்பும் சேர்ந்த மெழுகுதான் பெரும்பாலும் குற்றவாளி. நடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு இது கூடுதலாகவே வரும். காதிலிருந்து எடுத்து வியர்வையோடு அப்படியே பெட்டிக்குள் போடுகிறார்கள். வேட்டி நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு வைத்தால் எவ்வளவோ நல்லது.

புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு வரி: தொடுமுனையின் மேல் கண்ணாடிபோல் ஒரு காகிதம் ஒட்டி அனுப்புவார்கள். அதை உரிக்காமலே "சார்ஜ் ஏறவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டொராண்டோ துளசி | ஞாயிறு, மாலை 5.40

இங்கே குளிர்காலத்தில் வேறொரு கூத்து. சார்ஜ் ஏறவில்லை என்று நானும் ஒருநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இரவு முழுவதும் காரிலேயே கிடந்த பெட்டி அது. லித்தியம் அயன் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பாழாகும். அதனால் வெப்பநிலையைப் பார்க்கும் சுற்று உள்ள பெட்டிகள் தாமாகவே மறுத்துவிடும். வீட்டுக்குள் ஒரு மணி நேரம் வைத்ததும் ஒழுங்காக ஏறியது. பாளையங்கோட்டைக்கு இது பொருந்தாது என்று தெரியும். இந்த இழையைப் படிக்கும் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 8.15

சோதனை செய்துவிட்டேன். இடதை வைத்து மூடினால் இரண்டு விநாடியில் இணைப்பு போய்விடுகிறது. வலதை வைத்து மூடினால் போகவில்லை! தொலைபேசியில் இணைப்பு அப்படியே இருக்கிறது. பெட்டியைக் காதருகே வைத்துக் கேட்டேன், சீர்காழி கோவிந்தராஜன் உள்ளே பாடிக்கொண்டிருக்கிறார்.

மாலதி அவர்கள் சொன்ன சிறு விளக்கும் இருக்கிறது. இத்தனை நாளாக அதை அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். இடதில் சிவப்பாக எரிகிறது, வலதில் இருட்டு. மருந்துக் கடையில் ஐசோபுரொப்பைல் கேட்டு வாங்கிப் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். அழுக்கு வந்தது, கொஞ்சமாக அல்ல. ஆனால் நிலைமை மாறவில்லை.

வேகவிரல் | ஞாயிறு, இரவு 8.20

நான்தான் சொன்னேனே, புதிது வாங்குங்கள் என்று.

மின்பொறி | ஞாயிறு, இரவு 9.05

பொறுங்கள். பின் தொடவில்லை என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஏன் தொடவில்லை என்பது இன்னும் தெரியவில்லை. ஐயா, வலதைக் குழியில் வைத்துவிட்டு விரலால் மேலிருந்து அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அழுத்தும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா?

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 9.12

எரிகிறது! விரலை எடுத்தால் அணைந்துவிடுகிறது.

ரிச்சித்தெரு ராசு | ஞாயிறு, இரவு 9.30

அப்படியானால் பேட்டரியும் நலம், பின்னும் நலம். இயர்பட் குழியில் முழுதாக உட்காரவில்லை, அவ்வளவுதான். சாதாரணமாக உள்ளே இருக்கும் காந்தம் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எதுவோ தூக்கிப் பிடிக்கிறது. ஐயா, காதுக்குள் போகும் ரப்பரை அண்மையில் மாற்றினீர்களா?

பொருநைக்கரை | ஞாயிறு, இரவு 9.41

தம்பி, நீங்கள் ரிச்சி தெருவில் இருக்கிறீர்களா, என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறீர்களா? மூன்று வாரங்களுக்கு முன் வலப்பக்க ரப்பர் நடக்கும்போது எங்கோ விழுந்துவிட்டது. கடையில் வேறொரு ஜோடி வாங்கி அந்தப் பக்கத்துக்கு மட்டும் போட்டேன். கொஞ்சம் பெரிய அளவு. காதில் இறுக்கமாக நிற்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

இப்போதே ரப்பரைக் கழற்றிவிட்டு வைத்துப் பார்த்தேன். டக்கென்று உட்கார்ந்தது. விளக்கு சிவப்பு. சீர்காழியும் ஓய்வுக்குப் போய்விட்டார்.

கோவை மாலதி | ஞாயிறு, இரவு 9.50

ரப்பர்! பேட்டரிக்கு இரங்கற்பா எழுதத் தயாராக இருந்தோமே.

மின்பொறி | ஞாயிறு, இரவு 10.10

சில நாள் இருபது நிமிடம் ஓடியதற்கும் விடை கிடைத்துவிட்டது. மூடியின் அழுத்தத்தில் பின் கொஞ்சம் தொட்டிருக்கும், பெட்டியை எடுத்து மேசையில் வைக்கும் அசைவில் விலகியிருக்கும். அந்த அரைகுறை நேரத்தில் ஏறியதுதான் அந்த இருபது நிமிடம். மற்ற நேரமெல்லாம் இயர்பட் பெட்டிக்குள் விழித்துக்கொண்டு தொலைபேசியைத் தேடி இருந்ததையும் செலவழித்திருக்கும்.

ரப்பர் கடைக்காரர் கொடுத்ததில் தவறில்லை. துவாரத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும் உயரமும் விரிவும் மாறும். சில நீளமான குழாய்க்காரர்கள், சில குட்டையானவர்கள். பெட்டியின் குழி பொதுவாகக் கூட வரும் ரப்பர்களின் அளவுக்குத்தான் வடிக்கப்பட்டிருக்கும்.

வேகவிரல் | ஞாயிறு, இரவு 10.14

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியே செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இவற்றைத் திறக்கவே முடியாதே.

ரிச்சித்தெரு ராசு | ஞாயிறு, இரவு 10.35

நல்ல கேள்வி, உங்கள் முதல் பதிவை இதோடு மறந்துவிடுகிறேன். பெரும்பாலானவை பசை போட்டு ஒட்டியவை. உள்ளே இருப்பது சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி. சில மாடல்களில் திறந்து மாற்றியிருக்கிறேன், ஆனால் மூடிய பின் வியர்வை தாங்குமா என்று உறுதி கொடுக்க மாட்டேன். 2024இல் ஃபேர்போன் நிறுவனம் பயனரே பேட்டரியை மாற்றிக்கொள்ளும்படி ஃபேர்பட்ஸ் என்று ஒன்றை ஐரோப்பாவில் வெளியிட்டது. அப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மற்றவர்களுக்கு மனமில்லை என்பது என் கட்சி.

மேசை இழுப்பறையில் மாதக்கணக்கில் கிடந்து அடியோடு வற்றியதைச் செத்ததாக எண்ணிவிடாதீர்கள். அப்படிப்பட்ட பேட்டரிக்குச் சார்ஜ் சுற்று முதலில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கொடுக்கும், பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதைப்போல. அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. பொறுத்துப் பாருங்கள்.

ஊமையன் | திங்கள், காலை 6.55

புதிதாக வாங்கினேன். இரண்டு முனையும் யூஎஸ்பி சி வகையாக இருக்கும் கேபிளைச் சி சார்ஜரில் மாட்டினால் பெட்டி உயிரே காட்டவில்லை. பழைய அகலமான முனை உள்ள சார்ஜரில் மாட்டினால் ஏறுகிறது. இதற்கும் ரப்பர்தானா?

மின்பொறி | திங்கள், காலை 7.30

இதற்கு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. சி முனை உள்ள கருவி ஒவ்வொன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்திருக்க வேண்டும். அவை இருந்தால்தான் சி சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும். காசு மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் உண்டு. அகலமான முனைக்கு இந்த விசாரணையெல்லாம் கிடையாது, மாட்டியதும் 5 வோல்ட். பெரிய இடத்திலும் இதில் சறுக்கியிருக்கிறார்கள்: 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 கணினியில் இரண்டு ரெசிஸ்டருக்குப் பதில் ஒன்றையே பகிர்ந்து வைத்ததால் சில கேபிள்களில் மின்சாரம் வரவில்லை. நீங்கள் பழைய சார்ஜரிலேயே ஏற்றுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியவில்லையென்றால் திருப்பிவிடுங்கள்.

நள்ளிரவுப் பணி | செவ்வாய், காலை 5.20

பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். ஈரோட்டிலிருந்து சென்ட்ரல் வரை அணையவே இல்லை. நன்றி.

பொருநைக்கரை | வெள்ளி, காலை 8.05

நான்கு நாளாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பழைய ரப்பர்கள் பெட்டி வந்த அட்டைக்குள்ளேயே பத்திரமாக இருந்தன. அதில் நடு அளவைப் போட்டேன். வலது இயர்பட் ஒரு மணி நேர நடையையும் தாங்கி, வீடு வந்து காபி குடிக்கும்வரை பாடுகிறது. இப்போதெல்லாம் பச்சை விளக்கைப் பார்ப்பதில்லை. வைத்ததும் வலதில் சிவப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியை மூடுகிறேன்.

ஒரு திருத்தம். முந்தைய பதிவில் புது ரப்பரை நானே வாங்கியதாக எழுதியிருந்தேன். அது உண்மைதான் என்றும், இத்தனை நாளாக வீட்டில் "நீ வாங்கிக் கொடுத்த ரப்பரால்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை இங்கேயே திரும்பப் பெற வேண்டும் என்றும் பின்னால் நின்று படித்துக்கொண்டிருப்பவர் கேட்டுக்கொள்கிறார். திரும்பப் பெற்றேன்.